வேலைக் கண்

பாரிவாக்கம்,
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை ஜெபாவுக்கு அமல்ராஜ் அண்ணன் எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் அண்ணியும் நலம். வானகரம் ஃபிளாட்டில் ரோஹித்தும் மருமகளும் நலம். மியூனிக்கில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் இருமிக்கொண்டே இருந்தாய். மிளகு போட்டுக் கஷாயம் வைத்தாயா, இல்லை வழக்கம்போல மாத்திரைதானா?

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்ததும் உன் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நீங்கள் இருவரும் பேசி முடித்த பிறகு எனக்கு மிஞ்சுவது 'வைக்கட்டுமா' மட்டும்தான். ரோஹித் தன் பழைய லேப்டாப்பில் தமிழ் எழுத்து போட்டுக் கொடுத்துவிட்டான். இனி மாதத்துக்கு ஒரு கடிதமாவது மெயிலில் வரும், தயாராக இரு.

நீ அனுப்பிய வேலையை ஆரம்பித்துவிட்டேன். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த பழைய படங்களைப் பார்த்து, அதில் கோடு விழுந்திருந்தால் அதன் மேல் புள்ளி வைக்க வேண்டும் என்கிறாய். ரிட்டயர் ஆன ஆளுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று நினைத்துக் கொடுத்தாய். எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை, இருபத்தாறு வருஷம் பார்த்த அதே வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் ஒரு பார்வை. நேரா, வளைவா என்று அந்தப் பார்வையிலேயே சொல்லிவிடுவேன். இங்கேயும் அப்படித்தான் செய்கிறேன். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'யாருக்குக் கண் அடிக்கிறீங்க' என்கிறாள் உன் அண்ணி.

நேற்று பூந்தமல்லி மார்க்கெட்டில் சிவராமனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். போகட்டும். என் வேலையை நான் செய்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அண்ணன்,
அமல்ராஜ்

மியூனிக்,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு ஜெபா எழுதுவது.

இருமல் போய்விட்டது, மாத்திரையில்தான் போனது, அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது? காலையில் நடக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்த வேலையைப் பற்றி ஒரு விவரம் சொல்லாமல் விட்டேன். தொலைநோக்கி பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டே, வானத்தில் ஒரே இடத்தை அரை மணி நேரம்கூடப் படமெடுக்கும். அதற்கு முன்னால் ஒரு செயற்கைக்கோளோ, உடைந்த ராக்கெட் துண்டோ குறுக்கே போனால், ஒரு நொடிக்குள் படத்தைத் தாண்டிவிடும். அப்போது விழுவது நேர்கோடு. ரொம்பத் தூரத்தில் இருக்கும் விண்கல் என்றால் மெதுவாக நகரும். படம் எடுத்து முடிவதற்குள் தொலைநோக்கியே வெகுதூரம் சுற்றிப் போயிருக்கும், அதனால் கல்லின் கோடு வளையும். நேர் என்றால் மனிதன் விட்டது, வளைவு என்றால் இயற்கை. மங்கலான கோடுகளில் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது, அதனால்தான் மனிதக் கண் வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் ஏழு புள்ளி வையுங்கள். பிறகு கீழே நேர், வளைவு என்று இரண்டு பொத்தான் இருக்கும், ஒன்றை அழுத்துங்கள். ஒரே படம் மூன்று பேருக்குப் போகும்.

மேலே குப்பை அதிகமாகிக்கொண்டே போகிறது அண்ணா. எத்தனை துண்டு சுற்றுகிறது என்று யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. இந்தக் கோடுகளை எண்ணித்தான் ஒரு கணக்குக்கு வர வேண்டும்.

சிவராமன் அண்ணன் ஏன் முகம் திருப்பிக்கொண்டார்? பதினைந்து வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டீர்கள். ரோஹித் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர் அவர்தானே? எனக்கு எதையும் சொல்வதில்லை நீங்கள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெபா

பாரிவாக்கம்,
22 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கு சுகம். உன் சுகத்துக்கு எழுது. சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது. நடை உண்டு, ஆனால் மெட்ரோ வேலையில் பூந்தமல்லி ரோடு முழுக்கத் தூசி, அதனால் உள் தெருக்களிலேயே சுற்றுகிறேன்.

இதுவரை இருநூற்று முப்பது படம் முடித்தேன். அதில் எழுபத்தெட்டு வளைவு. நீ விண்கல் என்று சொன்னது உண்மையானால் உன் அண்ணன் பை நிறையக் கல் பொறுக்கியிருக்கிறான்.

சிவராமன் விஷயம் கேட்டாய். எழுத மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டாய். போன வருஷம் செப்டம்பர். அவன் கிரைண்டிங் மெஷினில் போட்ட பதினொரு ஷாஃப்ட் என் மேசைக்கு வந்தது. டயல் என்று ஒரு கருவி உண்டு. ஷாஃப்டைச் சுழற்றினால் வளைவுக்குத் தகுந்தபடி அதன் ஊசி ஆடும். அன்று எங்கள் டயல் சரிபார்க்க வெளியே போயிருந்தது. 'அமல்ராஜ் கண் இருக்கும்போது டயல் எதற்கு' என்றார் மேனேஜர். நான் தூக்கிப் பார்த்தேன். பதினொன்றும் நடுவில் வளைந்திருந்தது. பதினொன்றையும் ரிஜெக்ட் போட்டேன். அவை ஸ்கிராப்புக்குப் போய் உருகிவிட்டன. சிவராமனை மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். இருபது வருஷம் மெஷின் ஓட்டியவன் இன்னும் அங்கே அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் இல்லாதவன் என்றால் சண்டை போட்டிருப்பான் அல்லவா? நண்பன் என்பதற்காக வளைந்ததை நேர் என்று எழுத என்னால் முடியாது. மார்ச்சில் நான் ரிட்டயர் ஆனபோது எல்லாரும் மாலை போட்டார்கள், அவன் வரவில்லை. அதை மட்டும் மறக்க முடியவில்லை ஜெபா. எனக்கு வலிக்கிறது.

அண்ணி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அண்ணன்

மியூனிக்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. நிஜமாகவே குதித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் நூறு படத்துக்கு ஒன்றிரண்டு வளைவு சொல்கிறார்கள். நீங்கள் முப்பதுக்கு மேல் சொல்கிறீர்கள். அதே படங்களைப் பார்த்த மற்ற இருவரும் பெரும்பாலும் நேர் என்றே அழுத்தியிருக்கிறார்கள். சாதாரணமாக மூன்றில் இரண்டு பேர் சொல்வதுதான் செல்லும். நான் அதை ஓரமாக வைத்துவிட்டேன். அவர்கள் பஸ்ஸில் போகும்போது போனில் அழுத்துகிற ஆட்கள். நீங்கள் அமல்ராஜ். முடி அளவு வளைவைக் கண்ணால் பிடித்தவர்.

எங்கள் குழுத் தலைவரிடம் சொன்னேன். இத்தனை நாள் நாம் செயற்கைக்கோள் என்று எண்ணியதில் மூன்றில் ஒரு பங்கு விண்கல்லாக இருக்கலாம் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். நவம்பர் நடுவில் பெரிய கூட்டம், அதில் இதைச் சொல்கிறேன். உங்கள் பெயரையும்.

சிவராமன் அண்ணன் விஷயம் படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள்,
ஜெபா

பாரிவாக்கம்,
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பூசை முடிந்து சாமியாரிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுப் பாடற்குழுத் தலைவரிடம் காட்டினார். ரோஹித் கேக் வாங்கிவந்தான். சர்க்கரையைச் சொல்லி உன் அண்ணி எனக்கு மட்டும் கடுகளவு வெட்டினாள். பரவாயில்லை, கூட்டத்தில் என் பெயரைச் சொல்லும்போது குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று சேர்த்துச் சொல். வெறும் அமல்ராஜ் என்றால் யாருக்கும் புரியாது.

இன்னொரு விஷயம். இந்த வீடு கட்டி ஐந்து வருஷம்தான் ஆகிறது. நேற்று படம் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மூடிய இடது கண்ணைத் திறக்காமல் அப்படியே திரும்பினேன், கதவு நிலையின் செங்குத்துக் கட்டை நடுவில் உள்ளே வாங்கியிருந்தது. மேஸ்திரி என்னையே ஏமாற்றியிருக்கிறான். போனில் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் உடனே வந்து நூல் குண்டு தொங்கவிட்டுக் காட்டி, சரியாகத்தான் இருக்கிறது சார் என்கிறான். நூல் குண்டையே வளைத்து வைத்திருப்பான் போல என்று உன் அண்ணி கிண்டல்.

படங்களை நிறுத்தவில்லை. இப்போது அறுநூறைத் தாண்டிவிட்டது. நீ ஏன் சிவராமன் பற்றி எழுதவில்லை?

அண்ணன்

மியூனிக்,
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அண்ணியின் முட்டி வலி எப்படி?

கூட்டத்தில் நம் விஷயத்தை இப்போதைக்கு எடுக்கப்போவதில்லை. வேறு வேலைகள் முந்திக்கொண்டன.

இத்துடன் ஒரு சோதனைப் படம் அனுப்பியிருக்கிறேன். வெறும் கட்டங்கள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. திரையைச் சரிபார்க்க எல்லாருக்கும் அனுப்புகிறோம். புள்ளியையே பாருங்கள். முதலில் இடது கண்ணை மூடி, பிறகு வலது கண்ணை மூடி. கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரி எழுதுங்கள். தள்ளிப் போடாமல் இந்த வாரமே செய்யுங்கள்.

புதிய படங்களை அதுவரை பார்க்க வேண்டாம்.

ஜெபா

பாரிவாக்கம்,
7 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ கேட்ட ரிப்போர்ட்.

வலது கண்: படம் தேறாது. இருபது குறுக்குக் கோடுகளில் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை நடுவில் வளைந்திருக்கின்றன. நெட்டுக் கோடுகளிலும் அதே கதை. புள்ளி ஒரு குழிக்குள் இருப்பதுபோல் தெரிகிறது. சுற்றிலும் உள்ள கட்டங்களில் குறை இல்லை. நடுவில் மட்டும் காகிதத்தை யாரோ கசக்கிப் பிரித்தது போலிருக்கிறது. வரைந்த ஆளிடம் சொல்லித் திருத்து. இப்படிப்பட்ட படத்தை வைத்துத் திரையைச் சரிபார்த்தால் எல்லாத் திரையும் கெட்டுப்போகும்.

இடது கண்: எல்லாக் கோடும் நேர். ஆனால் இடது என் வேலைக் கண் அல்ல. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முடிவு: ரிஜெக்ட்.

அண்ணியின் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன். நீ ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறாய்? உடம்பு சரியில்லையா?

அண்ணன்

மியூனிக்,
8 நவம்பர் 2024

என் அன்பு அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் உங்களை ஏமாற்றிவிட்டேன். அதுதான் எழுதக் கை வரவில்லை.

அந்தப் படத்தில் குறை இல்லை அண்ணா. எல்லாக் கோடும் நேரானவை. அது திரையைச் சோதிக்கும் படமும் இல்லை, கண் டாக்டர்கள் கொடுப்பது. நீங்கள் கதவு நிலை பற்றி எழுதியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. அன்றைக்கே நீங்கள் வைத்த புள்ளிகளை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். வளைவு என்று நீங்கள் அழுத்திய இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில், இருநூற்று மூன்றில் உங்கள் ஏழு புள்ளிகளும் நேர்கோட்டில் இருக்கின்றன. உங்கள் கை ஒரு துளி தவறவில்லை. திரையில் நகரும் மவுஸ் அம்பும் கோடும் உங்கள் பார்வையில் ஒன்றாகவே வளைகின்றன, அதனால் புள்ளி சரியான இடத்தில் விழுந்துவிடுகிறது. கீழே பதில் சொல்லும்போதுதான் வளைவு என்கிறீர்கள். ஒன்பது படங்களில் மட்டும் புள்ளிகளும் வளைந்திருக்கின்றன. அந்த ஒன்பதும் உண்மையான விண்கற்கள்.

வலது கண்ணில் ஏதோ இருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துவிடுகிறது. வேலை என்று உட்கார்ந்தால் நல்ல கண்ணை மூடிவிட்டுக் கெட்ட கண்ணால் பார்க்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, என்ன நோய் என்று சொல்லத் தெரியாது. தள்ளிப் போட்டால் நடுப்பார்வை போகலாம் என்று மட்டும் தெரியும். இந்த வாரமே ரோஹித்தைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நேரடியாகச் சொல்லப் பயந்து தந்திரம் செய்தேன். என்னை மன்னியுங்கள்.

உங்கள்,
ஜெபா

மியூனிக்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே மழை எப்படி? பாரிவாக்கத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அண்ணி சொன்னார். மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை நீங்கள் குளிக்கிறீர்கள், அடுத்த முறை கடைக்குப் போயிருக்கிறீர்கள், மூன்றாம் முறை தூங்குகிறீர்கள். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது, குரலிலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை என்று ரோஹித் சொல்லிவிட்டான். கண் பற்றி அவனிடம் நான்தான் சொன்னேன், அதற்கும் சேர்த்துத் திட்டுங்கள்.

கூட்டத்தில் நான் எழுந்து, தலைவரிடம் முன்பு சொன்னது தவறு, என் தவறு என்று சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. தலைவர் குறித்துக்கொண்டார். மற்ற இரண்டு பேரை நான் ஒதுக்கியது தப்பு. அண்ணன் கண் தப்பாகாது என்று சின்ன வயதிலிருந்து மனதில் பதிந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் சிவராமன் அண்ணனா?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம். கண்ணைக் காட்டினால் போதும். இருக்கிற ஒரே அண்ணன் நீங்கள்.

ஜெபா

பாரிவாக்கம்,
29 டிசம்பர் 2024

அன்புத் தங்கை ஜெபாவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். அண்ணி நலம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. நீ பண்டிகையைத் தனியாகக் கழித்திருப்பாய் என்று அண்ணி புலம்பினாள்.

உன் மேல் கோபம் இருந்தது, ஒரு நாள்தான். உன் கடிதம் வந்த அன்றே ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஜன்னல் பக்கம் போனேன். வலது கண்ணில் வளைவு. இடது கண்ணில் நேர். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தேன். வளைவும் கூடவே திரும்ப வேண்டும் அல்லவா, திரும்பவில்லை. அதே பக்கம், அதே இடம். அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் பார்த்தவனுக்கு அது போதும்.

நீ சரியாகத்தான் கேட்டாய். டாக்டரிடம் போனால், எப்போதிலிருந்து என்று சொல்லிவிடுவாரே. சொன்ன பிறகு எனக்குத் தெரியாது என்று இருக்க முடியாது. நாற்பது நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன் ஜெபா. தினமும் சாப்பிடும்போது அவன் டப்பா ஞாபகம் வந்தது.

பதினெட்டாம் தேதி ரோஹித் காரில் உட்கார வைத்துவிட்டான். விழித்திரை மேல் மெல்லிய சவ்வு ஒன்று வளர்ந்து, சுருங்கி, நடுவில் பிடித்து இழுக்கிறதாம். எவ்வளவு நாளாக என்று நானே கேட்டேன். வளர்ந்திருக்கிற அளவைப் பார்த்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாது என்றார். அந்த ஷாஃப்டுகளை நான் பார்த்தது போன வருஷம் செப்டம்பரில், ஒன்றே கால் வருஷம்தான் ஆகிறது. எப்படி எண்ணினாலும் அந்தப் பதினொன்றும் இதற்குள் வந்துவிடுகிறது.

ஜனவரி இருபதாம் தேதி ஆபரேஷன். சவ்வை உரித்து எடுப்பார்கள். முழுசாகத் திரும்பாது, ஓரளவு திரும்பும் என்றார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஒரு நல்லவனை நான் கெடுத்துவிட்டேன்.

அண்ணன்

மியூனிக்,
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். டாக்டரிடம் போனதற்காகச் சந்தோஷம், மற்றதற்காக அழுகை.

ஆபரேஷனுக்கு வர விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. ஏப்ரலில் வருகிறேன். டாக்டர் சொன்ன சொட்டு மருந்துகளை அண்ணி கையில் கொடுத்துவிடுங்கள், உங்கள் பொறுப்பில் வேண்டாம்.

சிவராமன் அண்ணனிடம் என்ன பேசுவது என்று நான் சொல்லித் தர மாட்டேன். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். ஒதுக்கி வைத்த அந்த இரண்டு பேருக்கும், நீங்கள் சரியாகப் பார்த்தீர்கள், நான்தான் நம்பவில்லை என்று எழுதினேன். ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவர், தான் சொன்னது ஒதுக்கப்பட்டதைப் பார்த்து, தன் கண்ணையே நம்பாமல் இந்த வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

ஆண்டவர் உங்களோடு இருப்பார்.

ஜெபா

பாரிவாக்கம்,
16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜெபாவுக்கு அண்ணன் எழுதுவது. அண்ணி எழுத்துப் பிழை பார்க்கிறாள், அதனால் அவளைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது. எல்லாரும் சுகம்.

ஆபரேஷன் முடிந்து கண் பரவாயில்லை. வளைவு இன்னும் இருக்கிறது, ஆனால் குறைந்துகொண்டு வருகிறது. ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கம் போனேன். ரோஹித் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, அவன் வீட்டுச் சந்தில் இரண்டு தடவை மேலும் கீழும் நடந்தேன். கம்பெனிக்கு எழுதிய கடிதம் கையில் இருந்தது. பதினொரு ஷாஃப்டும் நேரானவை, என் கண்தான் கெட்டிருந்தது, சிவராமன் மேல் தவறு இல்லை என்று எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலும் இணைத்திருந்தேன்.

அவன் மகள் தீபிகா கதவைத் திறந்தாள். உள்ளே போய் அப்பாவிடம் சொன்னாள். வெகு நேரம் யாரும் வரவில்லை. நான் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றேன். பிறகு அவனே வந்தான். இளைத்திருக்கிறான். என் கண்ணில் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு கண்ணுக்கு?" என்றான். பதினேழு மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை.

நான் ஒப்பித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. கடிதத்தை நீட்டினேன். நின்றுகொண்டே படித்தான். ஆஸ்பத்திரிச் சீட்டையும் படித்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கினானா என்றே தெரியவில்லை. அவன் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். பதினொன்றும் ஸ்கிராப்புக்குப் போன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் தன் சொந்த டயலை எடுத்துக்கொண்டு ஸ்கிராப் யார்டுக்குப் போயிருக்கிறான். பதினொன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறான். எட்டில் ஊசி அசையவில்லை. மூன்றில் ஆடியது.

அப்படியானால் ஏன் அப்போதே வந்து சண்டை போடவில்லை என்று கேட்டேன்.

"நீ வளைவுன்னு சொல்ட்ட அண்ணாத்தே. டயல் நேருன்னு சொல்லுது. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? டயல் பூட்ச்சுன்னு நெனச்சேன். உன் கண்ணு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அத்தத் தூக்கி சாக்கடைல போட்டுட்டேன்" என்றான்.

அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நான் இத்தனை நாள் நினைத்தேன். அவன் தன் கையைப் பார்த்தே கூச்சப்பட்டிருக்கிறான். மார்க்கெட்டில் முகம் திருப்பியதும், என் ரிட்டயர்மெண்டுக்கு வராததும் அதனால்தான். இருபது வருஷம் ஓட்டிய கை கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு, பேக்கிங்கில் போட்டபோது பேசாமல் போய் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் ஒருவன்கூட என் கண்ணைச் சந்தேகப்படவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

தீபிகா டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. என் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொள்ள மாட்டானோ என்று நினைத்தேன்.

"வேற எழுது. பதினொண்ணு இல்ல, எட்டு" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். என் கண் தப்பு என்றால் அவன் டயல் சரி. டயல் சரி என்றால் எட்டும் நேர், மூன்றும் வளைவு. அந்த மூன்று அவன் போட்டதுதான். அதை மாற்றி எழுதினால் இன்னொரு தடவை பொய் ரிப்போர்ட் ஆகிவிடும் என்றான். அந்த ஷாஃப்டெல்லாம் உருகிப்போய்விட்டன, யாருக்குத் தெரியப்போகிறது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

தீபிகா தன் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். எட்டு நேரானவை, நான் தவறாகத் தள்ளினேன். மூன்று வளைந்தவை. கம்பெனியில் அந்த மூன்றைத்தான் முதலில் படிப்பார்கள், உன்னை மெஷினுக்குத் திரும்ப விடாமலும் போகலாம் என்று அவனிடம் சொன்னேன்.

"படிக்கட்டும்" என்றான். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான்.

கடிதத்தை மறுநாள் நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் இல்லை. ஏப்ரலில் வரும்போது தேதியை முன்கூட்டியே எழுது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அமல்ராஜ்